நம்ம ரத்தம்

போன வாரம் அத்தைக்கு ஆபரேஷன். இரண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் கொண்டுவரச் சொன்னதும் பெரியப்பா முழங்கினார்: "வெளியாள் ரத்தம் வேண்டவே வேண்டாம். என்ன நோய் இருக்குமோ! நம்ம பசங்களே குடுக்கட்டும்." குலம் கோத்திரம் விசாரித்துவிட்டு வைரஸ் ஒதுங்கிப் போகுமாக்கும்.

அத்தையின் மாப்பிள்ளை அகப்பட்டார். கையில் படிவம். மஞ்சள் காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தியதுண்டா, பலரோடு உறவுண்டா? தோளுக்குப் பின்னால் மாமனார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூடவே வாசிக்கிறார். அரிச்சந்திரனே உட்கார்ந்தாலும் அங்கே 'இல்லை'தான். மாப்பிள்ளை மேலிருந்து கீழ்வரை டிக் அடித்துத் தள்ளினார். தங்கமான மனிதர், அது வேறு விஷயம். ரத்ததான முகாமுக்கு வரும் ஊர் பேர் தெரியாதவன் மனசு உறுத்தினால் நழுவிப் போகலாம். மாப்பிள்ளை எங்கே நழுவுவது?

சாத்தூரை அதற்குள் மறந்துவிட்டோமா? 2018 டிசம்பரில் அங்கே ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றினார்களே, அதைக் கொடுத்த 19 வயதுப் பையன் காசுக்கு விற்றவனா? சிவகாசியில் உறவுக்காரப் பெண்ணுக்குக் கொடுக்க வந்தவன். அவளுக்குத் தேவைப்படாததால் அந்த ரத்தம் சாத்தூர் போனது. 2016 முகாமிலேயே அவன் ரத்தத்தில் கிருமி தெரிந்தும் அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை. வெளிநாடு போகச் சோதித்தபோது தெரிந்துகொண்டு, தானாக வந்து சொன்னவனும் அவன்தான். விஷம் குடித்து அந்த மாதமே இறந்தான். 'நம்ம பையன்' என்றால் அவனும் ஒரு வீட்டுக்கு நம்ம பையன்தானே?

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, மலேரியா, சிபிலிஸ் என்று ஒவ்வொரு பையையும் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். புதிதாகத் தொற்றியது எலைசா சோதனையில் சில வாரம் அகப்படாது. 'நாட்' சோதனை அந்த இடைவெளியை வெகுவாகக் குறைக்கும். அந்த மெஷின் எங்கே என்று பெரியப்பா கேட்டாரா? சாதி ரத்தம், வம்ச ரத்தம் என்று மேடையில் பேசுகிற வாய்தானே. அந்த வம்ச ரத்தத்திலேயே ஆபத்து உண்டு: மகன் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுக்காமல் தாய்க்கு ஏற்றினால், அபூர்வமாக, அதிலுள்ள வெள்ளணுக்களே அவளைத் தாக்கிக் கொன்றுவிடும். அதிகம் ஒத்துப்போவதால் வருகிற வினை!

இன்னொரு வேடிக்கை. காசுக்கு ரத்தம் விற்பதைச் சுப்ரீம் கோர்ட் 1996இல் தடுக்கச் சொன்னது. சொந்தக்காரர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஆஸ்பத்திரி வாசலில் ஐந்து நிமிடத்தில் காசுக்கு ஒரு 'சித்தப்பா' கிடைப்பார்.

ஆபரேஷன் முடிந்து அத்தைக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. "நம்ம மாப்பிள்ளை ரத்தம்" என்று பெரியப்பா எல்லாருக்கும் காட்டினார். பையில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தேன். எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மாப்பிள்ளை கொடுத்தது முந்தின நாள் சாயங்காலம்.