மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியா?

மாதம் பிறந்தால் மூன்று செலவு கட்டாயம். வாடகை, மளிகை, மாத்திரை!

முதல் இரண்டும் எல்லா வீட்டிலும் உண்டு. மூன்றாவது, சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் வந்த வீட்டில் உண்டு. அப்படிப்பட்ட வீடுகள் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை போய்ப் பாருங்கள். வழி நெடுகத் தொழிற்சாலைகள். கார் செய்கிறார்கள். டயர் செய்கிறார்கள். கைபேசி செய்கிறார்கள். பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது 1998-ம் ஆண்டில். அப்போது 20 வயதில் வேலைக்குச் சேர்ந்த வாலிபர், இப்போது ஐம்பதை நெருங்குகிறார். மாத்திரைக்கு உரிய வயது!

இங்கே வேலை ஷிப்டு முறையில் நடக்கிறது. காலை ஷிப்டு என்றால், விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் படுத்துத் தூங்குகிற நேரத்தில்தான் டாக்டர் இருப்பார், மருந்து கொடுப்பார்கள்.

அவர் என்ன செய்வார்?

பழைய சீட்டை மனைவியிடம் கொடுத்து அனுப்புவார். மடித்து மடித்துக் கிழிந்துபோன சீட்டு. போன வருடம் எழுதியது. கடைக்காரரும் தெரிந்தவர்தானே என்று மாத்திரையைக் கொடுத்துவிடுவார்.

சட்டம் என்ன?

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 65-வது விதி. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து கொடுக்கலாம். மறுபடியும் கொடுக்கலாம் என்று டாக்டரே அதில் எழுதியிருந்தால் மட்டும் மறுபடி கொடுக்கலாம். எத்தனை முறை, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தால், அதன்படியேதான் கொடுக்கவேண்டும். கொடுத்த கடையின் பெயரையும் விலாசத்தையும் தேதியையும் சீட்டில் குறிக்கவேண்டும்.

இது நல்ல விதி. சர்க்கரை ஏறும், இறங்கும். சிறுநீரகம் பழுதுபட்டால் மாத்திரையின் அளவை மாற்றவேண்டி வரும். போன வருடத்துச் சீட்டுக்கு அது தெரியாது.

ஆகவே, டாக்டரிடம் கேளுங்கள். "மாதம் ஒரு முறையாக மூன்று மாதத்துக்குக் கொடுக்கலாம்" என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். அந்த ஒரு வரி, மூன்று மாதத்துக்குச் சட்டப்படி செல்லும்.

இலவசத்தின் விலை

தொழிலாளிக்குத்தான் இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம்.

இருக்கிறது. 2019-ம் ஆண்டு ஜூலையில் வந்த விகிதப்படி, தொழிலாளியின் சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளி மூன்றே கால் சதவீதம் கட்டுகிறார். 15 ஆயிரம் ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளி 112 ரூபாய் 50 காசு. முதலாளி 487 ரூபாய் 50 காசு. இரண்டும் சேர்ந்து 600 ரூபாய். மாதா மாதம்! இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மாத்திரைக்குக் காசு கிடையாது. கேட்டு வாங்கவேண்டியது அது, தர்மம் அல்ல.

ஆனால், அதை வாங்க ஒரு நாள் லீவு போடவேண்டும் என்றால்?

15 ஆயிரத்தை 26 வேலை நாளால் வகுத்துப் பாருங்கள். சுமார் 577 ரூபாய். லீவுக்குச் சம்பளம் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு, இலவச மாத்திரையின் விலை அதுதான்! அதனால்தான் பலர் இ.எஸ்.ஐ. பக்கம் போகாமல், கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார்கள்.

கையில் பணம் குறைந்தால் பத்து மாத்திரை மட்டும் வாங்குகிறார்கள். பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறார்கள். ரத்தக் கொதிப்பு வலிக்காது. காய்ச்சல்போல் சுடாது. மாத்திரையை விட்டாலும் உடம்பு நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். ஒரு நாள் திடீரென்று கை கால் விழுந்துவிடும். அப்புறம் சம்பளம் ஏது?

மருந்து ஆளைத் தேடி வரட்டும்

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம். குக்கிராமத்துக்கு மாத்திரை போகும் என்றால், தொழிற்சாலை வாசலுக்குப் போக முடியாதா?

500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்சு அறை வேண்டும் என்று 1948-ம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. அந்த அறையில், மாதத்தில் ஒரு நாள், ஷிப்டு மாறும் நேரத்தில் ஒரு மணி நேரம் மாத்திரை கொடுக்கட்டும். முதலாளிக்கு இதில் நஷ்டம் இல்லை. ஆள் லீவு போடாமல் வேலைக்கு வருவார்! இ.எஸ்.ஐ. மருந்தகமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தால், இந்த வட்டாரத்துக்குப் பேருதவி.

அது வரும்வரை கடைதான். மத்திய அரசின் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் விலை குறைந்தவை. 2025 செப்டம்பர் 22-ல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். கைபேசியில் பணம் அனுப்பினாலும் பில் வேண்டும்.

இன்னொன்று. கடை மாறினால் மாத்திரையின் பெயர் மாறும். பெயர் இரண்டு, மருந்து ஒன்று! புதியது வேறு மருந்து என்று நினைத்து, இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. அட்டையில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் பழைய அட்டையோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே சீட்டை வெளியே எடுங்கள். அடுத்த வாரம் எந்த ஷிப்டு என்று பார்த்து, வாங்கப் போவது யார் என்று வீட்டில் பேசிவிடுங்கள்.