ஏடு இல்லாத சாமி

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும். ரோமானியர்கள் கும்பிட்ட மித்ராஸ் என்ற கடவுள் டிசம்பர் 25-இல் கன்னித்தாய்க்குப் பிறந்தாராம். அவருக்குப் பன்னிரண்டு சீடர்களாம். இறந்து மூன்றாம் நாள் எழுந்தாராம். கிறிஸ்தவர்கள் எல்லாவற்றையும் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்களாம். இன்னொரு குழுவில், மித்ராஸ் நம் வேதத்து மித்திரன்தான், ரோமாபுரியே நம் சாமியைத்தான் கும்பிட்டது என்று வரும். அனுப்புகிறவர்கள் எல்லாம் எனக்கு வேண்டியவர்கள்தான். ஆனாலும் சொல்கிறேன்: இந்தச் செய்திகளில் மித்ராஸ் இல்லை. நம் சண்டைகள்தான் இருக்கின்றன.

இப்படி ஆளுக்கொரு கதை கட்ட முடிவதற்குக் காரணம் உண்டு. மித்ராஸ் அடியார்களின் வேதம் என்று எந்த ஏடும் நம் கைக்கு வரவில்லை. தீட்சை பெற்றவர்களுக்கு மட்டுமே சொல்லப்பட்ட ரகசிய வழிபாடு அது. கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் தலைகாட்டி, நான்காம் நூற்றாண்டோடு மங்கிப்போனது. மிச்சம் இருப்பவை கோயில்களும் சிலைகளும் கல்வெட்டுகளும்தான்.

கோயில் என்றால் கோபுரத்தை நினைக்க வேண்டாம். குகை மாதிரி இருட்டறை. இரண்டு பக்கமும் நீளமான திண்ணை, நடுவில் நடைபாதை. பெரும்பாலான கோயில்களில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும். எதிர்ச் சுவரில் மித்ராஸ் ஒரு காளையை மண்டியிட்டு அழுத்திக் கத்தியால் குத்துகிறார். முகத்தையோ திருப்பிக்கொண்டிருக்கிறார். நாயும் பாம்பும் இரத்தத்தை நோக்கித் தாவுகின்றன, கீழே ஒரு தேள். பிரிட்டன் எல்லையிலிருந்து சிரியா வரை இதே காட்சிதான். ஏன் அந்தக் காளையைக் கொன்றார் என்று விளக்கும் ஒரு வரிகூட அடியார்கள் விட்டுச் செல்லவில்லை.

இப்போது வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். சிற்பங்களில் மித்ராஸ் பாறையைப் பிளந்துகொண்டு வாலிபனாகவே வெளிவருகிறார். தாயே கிடையாது, கன்னித்தாய்க்கு எங்கே போவது? அவர் இறந்ததாகவோ உயிர்த்தெழுந்ததாகவோ எந்தச் சிற்பமும் காட்டவில்லை. டிசம்பர் 25? கி.பி. 354-ஆம் ஆண்டின் ரோமானிய நாட்காட்டி ஒன்றில் அந்த நாள் ‘வெல்ல முடியாதவரின் பிறந்தநாள்’ என்று இருக்கிறது. அது சூரியக் கடவுளைக் குறிப்பதாகவே பொதுவாகக் கொள்கிறார்கள். அவருக்கு ரோமில் பெரிய கோயில் எழுப்பியவர் அவ்ரேலியன் பேரரசர், ஆண்டு 274. மித்ராஸுக்கும் ‘வெல்ல முடியாத சூரியன்’ என்ற பட்டம் இருந்ததால் குழப்பம் வந்தது.

ஒற்றுமையே இல்லை என்று சொல்லவில்லை. மித்ராஸ் அடியார்கள் சடங்கில் ரொட்டியும் தண்ணீரும் வைத்தார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதினார். பேய்கள் எங்களைப் பார்த்துச் செய்த போலி என்பது அவர் முடிவு. இன்று அதையே திருப்பிப் போட்டு, நீங்கள்தான் திருடினீர்கள் என்கிறார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடாத சமயம் உலகில் எது? பெல்ஜியத்தில் டீனன் என்ற ஊரில் மித்ராஸ் கோயிலுக்குப் பக்கத்துக் குழிகளில் நூற்றுக்கணக்கான கோழிகளின் எலும்புகள் கிடைத்தன. ஒரே விருந்தில் சாப்பிட்டவை. அதுவும் கோடைக்காலத்தில், டிசம்பரில் அல்ல.

நம் பக்கத்துக் கதையையும் பார்க்க வேண்டும். சூரிய நமஸ்காரத்தின் முதல் நாமமே ‘மித்ராய நம’. பாரசீகத்திலும் மித்ரா உண்டு. பெயர் ஒரே வேரிலிருந்து வந்ததில் சந்தேகம் இல்லை. ஆனால் காளையைக் கொல்லும் அந்தக் காட்சி பாரசீகத்திலும் இல்லை, நம் வேதத்திலும் இல்லை. மித்ராஸ் வழிபாடு பாரசீக மதம் அப்படியே மேற்கே வந்ததுதான் என்று பெல்ஜிய அறிஞர் ஃபிரான்ஸ் க்யூமோன் சொன்னதை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு உலகம் நம்பியது. 1971-இல் மான்செஸ்டரில் கூடிய மாநாட்டில் அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. பெயர் பயணம் செய்தால் சாமியும் கூடவே பயணம் செய்ததாக அர்த்தமில்லை.

இதெல்லாம் பழங்கதை, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ரோமில் சாந்தா பிரிஸ்கா தேவாலயத்தின் அடியில் ஒரு மித்ராஸ் கோயில் இருக்கிறது. அதன் சுவரோவியங்களைக் கோடாரியால் கொத்தியிருக்கிறார்கள். ஒரு முறை கொத்தப்பட்டவர்களை நாம் மறுபடி ஆயுதமாக்கி அடுத்த வீட்டுக்காரர்மேல் வீசுகிறோம். அந்த மனிதர்களுக்கு அது மரியாதை இல்லை.

அவர்கள் யார் தெரியுமா? சிப்பாய்கள், சுங்கச்சாவடி எழுத்தர்கள், விடுதலை பெற்ற அடிமைகள். எல்லோரும் ஆண்கள். ஆஸ்திரியாவில் வீரூனம் என்ற பழைய ஊரில் ஒரு வெண்கலப் பலகை கிடைத்தது. கி.பி. 183-இல் கோயிலைப் புதுப்பித்தவர்களின் பெயர்ப் பட்டியல் அது. அடுத்த ஆண்டு சாவுகளை முன்னிட்டுக் கூடியதாகவும் அதில் எழுதியிருக்கிறது. கொள்ளை நோய்க் காலம். சில பெயர்களுக்குப் பக்கத்தில் இறந்தவர் என்ற குறி. மற்றவர்கள் கலைந்துவிடவில்லை. ஆண்டுதோறும் புதுப் பெயர்கள் சேர்ந்துகொண்டே வந்தன. எனக்கு அந்தப் பட்டியல் ஆயிரம் வாட்ஸ்அப் செய்திகளைவிடப் பெரிது.

லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பேங்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ப்ளூம்பெர்க் கட்டடத்தில் இறங்கிப் பாருங்கள். 1954-இல் தோண்டியெடுத்த மித்ராஸ் கோயிலை அங்கே தெருமட்டத்திலிருந்து ஏழு மீட்டர் கீழே வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. படி இறங்க முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது.