சூரைச்செடியின் கீழ் ஒரு தாய்



சபையில் குழந்தை பிறந்தால் வெள்ளிக் கொலுசும் சோப்புப் பெட்டியுமாகத் திரண்டு செல்கிறோம். கொண்டுபோவதெல்லாம் குழந்தைக்கே. தாய் அழுதுகொண்டிருந்தாலோ, "ஜெபக் குறைவு" என்று தீர்ப்பளித்துத் திரும்புகிறோம். இது ஆறுதல் அன்று, கொடுமை. போதகனாகிய நானும், அந்தத் தாயே எழுந்து போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தவன்தான்.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கர்மேலில் வென்ற எலியா, சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிக் கிடந்தான். தேவன் அவன் விசுவாசத்தை அளக்கவில்லை. தூங்கவிட்டார், தூதன்மூலம் அடையும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் தூங்கவிட்டார். பேச்சு அதற்குப் பின்னரே.

"அந்தக் காலத்துப் பெண்கள் பத்துப் பிள்ளைகள் பெறவில்லையா?" என்பீர்கள். பெற்றார்கள், அவர்களுள்ளும் அழுதவர்கள் உண்டு. கேட்கத்தான் ஆளில்லை. பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மனநலக் குறைவால், பெரும்பாலும் மனச்சோர்வால், வருந்துவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது நோய்; பாவமன்று. சிகிச்சையும் உண்டு.

ஆகவே, இனி தாய்க்கும் கொடுங்கள். குழந்தையை ஏந்திக்கொண்டு அவளுக்கு நான்கு மணிநேரத் தூக்கம் கொடுங்கள். தூக்குச்சட்டியில் சூடான சோறும் இரசமும் கொண்டுபோங்கள். அழுக்குத்துணிகளைத் துவைத்துக் கொடுங்கள். இரண்டு வாரம் கடந்தும் துயரம் தீராவிடில், மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். சாக வேண்டும் என்றாலோ ஒரு நாளும் தாமதியாதீர்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

அதன்பின் ஜெபியுங்கள். அந்த ஜெபத்திற்கு அவளும் ஆமென் சொல்வாள்.