டூரிங் பைக்: ஸ்க்ரீன் பெருசா இருக்கு... முதுகு தாங்குமா?

டூரிங் பைக் வாங்க ஷோரூம் போகிறவர்களின் கண் முதலில் போவது ஸ்க்ரீன் மீதுதான். மேப் வருமா, போன் கனெக்ட் ஆகுமா, எத்தனை ரைடிங் மோடு என்று அரை மணி நேரம் விசாரணை நடக்கும். சீட்டில் உட்கார்ந்து பார்ப்பது இரண்டு நிமிடம். ஆனா, சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சுமார் 700 கி.மீ. அந்தத் தூரம் முழுக்க உழைக்கப்போவது இடுப்பும் மணிக்கட்டும் கழுத்தும்தான்.

நெடுந்தூரப் பயணத்தில் சொகுசு என்பது ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு. உடம்பின் சுமையைக் குறைக்கும் தொழில்நுட்பம் முதலில் வர வேண்டும். ஸ்க்ரீன் அதற்குப் பிறகுதான்.

உடம்புக்கு என்ன நடக்குது?

முதல் எதிரி காற்று. வேகத்தை 80 கி.மீ.யிலிருந்து 100 ஆக்கினால் கூடுவது 25 சதவிகிதம்தான். ஆனால் காற்றின் எதிர்விசை சுமார் 56 சதவிகிதம் கூடும். விண்ட்ஷீல்டு இல்லாத பைக்கில் இதை நெஞ்சும் கழுத்தும் மணிக்கணக்கில் தாங்க வேண்டும்.

அடுத்தது அதிர்வு. அதிக சக்திகொண்ட பைக் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. அதே ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் விரல்கள் மரத்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

களைப்பு வந்தால் பிரேக் பிடிப்பதும் தாமதமாகும். 80 கி.மீ. வேகத்தில் பைக் ஒரு விநாடியில் 22 மீட்டர் போகும். அரை விநாடி தாமதம் என்றால் 11 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு பஸ்ஸின் நீளம்!

க்ரூஸ் கண்ட்ரோல் நம்ம ரோட்டுக்கு எதுக்கு?

இதே கேள்வி ஏ.பி.எஸ்ஸுக்கும் வந்தது. 1988-ல் பி.எம்.டபிள்யூ கே100 பைக்கில் அறிமுகமானபோது அது விலையுயர்ந்த வசதி. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா பைக்குகளிலும் கட்டாயம். இன்று அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை.

க்ரூஸ் கண்ட்ரோலும் அதே பாதையில்தான் வருகிறது. ஹோண்டா கோல்டுவிங் போன்ற, 1,833 சி.சி. ராட்சத பைக்குகளில் பார்த்த வசதி, இப்போது டி.வி.எஸ்ஸின் அப்பாச்சி ஆர்.டி.ஆர் 310-லும், 2025-ல் வந்த கே.டி.எம் 390 அட்வெஞ்சரிலும் கிடைக்கிறது. காரணம், ரைடு-பை-வயர். ஆக்ஸிலரேட்டர் கேபிளுக்குப் பதில் சென்சாரும் சிறிய மோட்டாரும் வேலை செய்கின்றன. அது இருந்துவிட்டால், க்ரூஸ் கண்ட்ரோல் என்பது பெரும்பாலும் சாஃப்ட்வேரும் ஒரு ஸ்விட்ச்சும்தான்.

மாடு குறுக்கே வரும், ராங் சைடில் டிராக்டர் வரும் என்பது உண்மைதான். ஊருக்குள்ளும் கிராஸிங் உள்ள இடங்களிலும் அதைப் பயன்படுத்தவே கூடாது. பிரேக்கைத் தொட்டால் க்ரூஸ் உடனே விலகிவிடும். ஆனால் காலியான நான்குவழிச் சாலையில் வலது மணிக்கட்டுக்குக் கிடைக்கும் பத்து நிமிட ஓய்வு, மாலை நேரத்தில் கைகொடுக்கும்.

2020-ல் டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4, முன்னும் பின்னும் ரேடாருடன் வந்தது. முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப அதுவே வேகத்தைக் குறைக்கும். நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் நம் வாங்குபவர்களுக்கு அதைவிட அவசரமான தேவைகள் இருக்கு.

வரிசை மாறிப்போச்சா?

சென்னை நிறுவனமான ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450-ஐப் பாருங்கள். 2023 நவம்பரில் அறிமுகமானபோதே கூகுள் மேப் காட்டும் 4 இன்ச் வட்ட ஸ்க்ரீன் இருந்தது. உயரம் மாற்றக்கூடிய சீட்டும், மேடுபள்ளத்தைச் சமாளிக்கும் சஸ்பென்ஷனும் உண்மையான பலங்கள். ஆனால் சக்கரங்கள் டியூப் உள்ளவை. டியூப்லெஸ் ஸ்போக் வீல் பிறகுதான் வந்தது, அதுவும் கூடுதல் விலையில்.

டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் காற்று மெதுவாகவே இறங்கும், ரோட்டோரத்திலேயே பஞ்சர் கிட் வைத்து அடைத்துவிடலாம். டியூப் டயர் என்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். இரவு நேரத்தில், ஊர் இல்லாத இடத்தில், எது முக்கியம்? மேப் போனிலேயே இருக்கு.

'கஷ்டப்பட்டு ஓட்டினாத்தான் டூரிங்' என்று சொல்பவர்களும் உண்டு. சாகசம் பாதையில் இருக்கட்டும், முதுகுவலியில் எதற்கு? அந்தக் கஷ்டத்தைப் பின்சீட்டில் இருப்பவர் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

வாங்கும் முன் என்ன பார்க்கலாம்?

* டெஸ்ட் ரைடு குறைந்தது அரை மணி நேரம் கேளுங்கள். சொந்த ஹெல்மெட்டைப் போட்டு ஓட்டுங்கள். காற்று எங்கே அடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.
* பின்னால் உட்காரப்போகிறவரையும் அழைத்துப் போங்கள்.
* டியூப்லெஸ், விண்ட்ஷீல்டு, க்ரூஸ் எல்லாம் விலைக்குள் வருமா, தனியா என்று கேட்டு, ஆன்-ரோடு விலையோடு கூட்டிப் பாருங்கள்.
* ஸ்க்ரீனை ஒரே பார்வையில் படிக்க முடிகிறதா? 80 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி அதைப் பார்த்தால், 44 மீட்டர் ரோட்டைப் பார்க்காமல் கடந்திருப்பீர்கள்.

எந்த வசதி இருந்தாலும் தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்துவதுதான் ஒரே வழி. அதுவரை உடம்பைத் தெளிவாக வைத்திருப்பது பைக்கின் வேலை. வாங்குபவர்கள் எதைக் கேட்கிறார்களோ, அதைத்தான் நிறுவனங்கள் முதலில் கொடுக்கும். அடுத்த முறை ஷோரூமில், ஸ்க்ரீனுக்கு முன்னால் சீட்டைப் பற்றிக் கேளுங்கள்.