காட்டுவது யார்? காணப்படுவது யார்?

ஒரு நாட்டைக் காண வருவோன் அதன் மண்ணை மட்டும் கண்டு மீள்வதில்லை; அம்மண்ணைப் பற்றிச் சொல்லப்படுவதையும் நெஞ்சிற் சுமந்து செல்கின்றான். அச்சொல் எவருடைய சொல் என்பதே இங்கு எழும் வினா. தன் வரலாற்றைத் தானே சொல்லும் உரிமையை இழந்த இனம், தன் வீட்டிலேயே வாயில்காப்போனாகத் தாழ்ந்து நிற்கும். 2019 நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், ‘ஆன்மிகச் சுற்றுலா’ என்னும் கலப்புப் பெயரிலும் பண்பாட்டுச் சுற்றுலா என்னும் நல்ல பெயரிலும் நடப்பனவற்றை இவ்வளவுகோல் கொண்டே அளத்தல் வேண்டும்.

பெண்ணையாற்றின் தென்கரையிலுள்ளது திருக்கோவலூர். இன்று திருக்கோயிலூர் என வழங்குவது. அங்கு வருவோர்க்கு இரண்டு பட்டியல்கள் காட்டப்படுகின்றன. ஒன்று மாலியத் திருப்பதிகள் 108. மற்றொன்று சிவனிய வீரட்டானங்கள் எட்டு. மூவடியால் உலகளந்த கதையும், அந்தகாசுரனை அழித்த கதையும் சொல்லப்படுகின்றன. கேட்டவர்கள் தேங்காய் உடைத்து, திருநீறோ திருத்துழாயோ பெற்று, அடுத்த ஊர்க்கு ஊர்தி ஏறுகின்றனர். அவருள் எத்துணைப் பேர், ஆற்றினிடையே நிற்கும் கபிலர் குன்றைத் திரும்பிப் பார்க்கின்றனர்?

பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைத் தம் மகளிராகக் கொண்டு ஊர் ஊராய் அலைந்த பெரும்புலவர் கபிலர். அவர் உயிர்நீத்த இடம் அது. அவ்வூர் வீரட்டானக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று, பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்தபின் கபிலர் தீப்புகுந்ததையும், அக்கல்லுக்குக் கபிலக்கல் என்று பெயர் வழங்கியதையும் பொறித்து வைத்துள்ளது. அவ்விராசராசனைப் பெற்ற வானவன் மாதேவியும் மலையமான் குடியிற் பிறந்தவளே. கழகக் காலப் புலவனின் நட்பை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழிந்தும் சோழர் காலத்துத் தமிழர் மறந்தாரல்லர், கல்லில் வெட்டினர். இன்றைய தமிழரோ அக்கல்வெட்டுள்ள சுவரைக் கடந்து சென்றும் படித்தாரல்லர். வெட்டியவன் பெரியனா, படிக்க மறந்தவன் பெரியனா?

அவ்வூரிலேயே பொய்கையார், பூதத்தார், பேயார் மூவரும் ஒரு மழையிரவில் சிற்றிடைகழியில் நெருக்குண்டு நின்று பாடினர் என்பது மாலிய மரபு. மூன்று அந்தாதிகள், ஒவ்வொன்றும் நூறு வெண்பா. மாலியப் பாடற்றமிழ் கண் விழித்த இடம் அவ்விடைகழி. ஆயினும் கருவறைப் பூசைக்கு மொழி வடமொழி! 2021-இல் தமிழில் அருச்சனை செய்யும் திட்டத்தை அரசு தொடங்கியது. வேண்டிக் கேட்பவர்க்குத் தமிழ், கேளாதவர்க்கு வடமொழி. உரிமைக்காரி வாயிலில் நின்று விண்ணப்பிக்க வேண்டும்; வந்தேறி கருவறையில் வீற்றிருக்கும். இந்நிலையைக் காணவோ பயணியரை அழைப்பது?

திருக்கோவலூர்க்கு அணித்தே சம்பை என்னும் சிற்றூர். 1981-இல் அங்குள்ள குன்றில் ஒரு தமிழிக் கல்வெட்டு வெளிப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி சமணத் துறவியர்க்குப் படுக்கையிடம் ஈந்த செய்தி அது. அசோகன் தன் கல்வெட்டுகளில் சத்தியபுத்திரர் எனக் குறித்தவர் யாவர் என்று அறிஞர் நெடுங்காலம் மயங்கியிருந்தனர். அவர் அதியமான் மரபினரே என்பதை அவ்வொரு வரி உறுதிப்படுத்திற்று. ஔவையார் பாடிய அஞ்சி கற்பனையல்லன், நாடாண்ட மன்னன் என்று கல்லே சான்று கூறிற்று. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதர் என்னும் தமிழ்ப் பெயர் தாங்கிப் பார்சுவநாதர் இன்றும் வழிபடப்படுகின்றார்.

கூவாகத்துக் கூத்தாண்டவர் விழாவையும் எண்ணிப் பார்க்க. சித்திரை முழுநிலவில் திருநங்கையர் அரவானுக்குத் தாலி பூண்டு, மறுநாள் அதனை அறுத்து அழுகின்றனர். வடமொழிப் பாரதத்தில் அரவான் போரிற் பட்டவன். அவனைக் களப்பலியாக்கிய கதை தமிழ்நாட்டு மரபு. 9-ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அது காணப்படுகின்றது. ஒதுக்கப்பட்டோர்க்கு ஒரு தெய்வமும் ஒரு நாளும் தந்தது தமிழ்ச் சிற்றூர். அங்குப் படக்கருவியுடன் சென்று அவர்தம் அழுகையை வேடிக்கை பார்ப்பது பண்பாட்டுச் சுற்றுலாவா, பண்பாட்டுக் கொலையா?

சிவனியம், மாலியம், சமணம், சிற்றூர்த் தெய்வ வழிபாடு என நெறிகள் பல. இவற்றையெல்லாம் ஒரு மாலையாகக் கோத்த நூல் தமிழ். நூலை அறுத்துவிட்டு மணிகளைத் தனித்தனியே விலைபேசுவதே இன்றைய சுற்றுலா.

பெயர்களும் தப்பவில்லை. கல்வராயன் மலையிற் பிறந்து ஓடும் மணிமுத்தாறு, மணிமுக்தா ஆயிற்று. தேவாரம் அப்பெயரைத் தமிழாகவே போற்றுகின்றது. அவ்வாற்றங்கரைத் திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. ஊரும் ஆறும் மாறாதிருக்க, பெயர் மட்டும் மொழிபெயர்க்கப்பட்டதேன்? பெயரை மாற்றியவன் பிறப்பையும் மாற்றிச் சொல்வான் என்பதற்கு வேறு சான்று வேண்டா. ‘அருவி’ என்னும் அழகிய சொல்லிருக்க, ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘நீர்வீழ்ச்சி’ எனப் பலகை எழுதுவோரும் அவ்வழியினரே.

இனி மலைமேல் ஏறுக. மேகம் அருவியும் பெரியார் அருவியும் கரியாலூர்ப் படகுத்துறையும் காட்டப்படுகின்றன; கோடை விழாவும் எடுக்கப்படுகின்றது. ஆனால் மலைவாழ் தமிழராகிய மலையாளி மக்கள் எங்கே? மலையை ஆள்வோர் என்று பொருள்படும் பெயரைத் தாங்கியும், சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று சாகீர்களின் கீழ்க் கூலியிலா உழைப்பில் வதைந்தவர் அவர். 1976-இல்தான் அரசு அச்சாகீர்களைக் கையகப்படுத்திற்று. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்தபின்! இவ்வரலாற்றை எந்தப் படகுத்துறையில் சொல்கின்றனர்? 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னரே சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து, மலைமக்களின் வாழ்நிலை என்ன என்று அரசை வினவிற்று. வேடிக்கை பார்ப்போர்க்கு வழி கண்ட நாடு, நோயாளியைச் சுமந்து இறங்குவோர்க்கு வழி காணாதிருந்தது.

“சுற்றுலாவால் பணம் வருமே” என்பர். வரட்டும், எவர் கைக்கு? “வெளிநாட்டார்க்குத் தமிழ் தெரியாதே” என்பர். தெரியாதவர்க்கு அவர் மொழியிலும் கூறுக. ஆனால் கூறப்படும் செய்தி தமிழன் செய்தியாக இருக்கட்டும். நியூசிலாந்து நாட்டு உரோட்டோருவாவில் வெந்நீரூற்றுகளைக் காண வருவோர்க்கு 19-ஆம் நூற்றாண்டு முதலே மௌரி மக்கள் வழிகாட்டி வருகின்றனர். தம் முன்னோர் கதையைத் தாமே சொல்கின்றனர். அவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதோ?

ஆகவே, வேண்டுவன இவை. கபிலக்கல்லின் கதை வீரட்டானக் கோயில் வாயிலிலேயே பெரிய எழுத்தில் பொறிக்கப்படல் வேண்டும். சம்பைக் குன்று பள்ளி மாணவர்தம் முதற் சுற்றுலாவாதல் வேண்டும். கோயிலில் தமிழ் வழிபாடே முறையாதல் வேண்டும். கேட்டுப் பெறும் சலுகையாதல் கூடாது. ஆற்றுக்கும் ஊர்க்கும் பழந்தமிழ்ப் பெயர்கள் மீளல் வேண்டும். மலையில் வழிகாட்டியும், விடுதி நடத்துபவரும், கடுக்காயும் தேனும் சாமையும் விற்பவரும் மலைமக்களாகவே இருத்தல் வேண்டும். விழா எடுக்குமுன் சாலையும் மருத்துவமனையும் எடுத்தல் வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று காத்திருத்தல் தமிழர்க்கு அழகன்று. அடுத்த முறை திருக்கோவலூர் செல்லும் தமிழன் தன் மக்களை முதலிற் கபிலர் குன்றுக்கு அழைத்துச் செல்க. கல்வராயன் மலையேறும் தமிழன் அருவியைக் கேட்குமுன் அங்குள்ளாரின் குரலைக் கேட்க. தன்னை அறியாத இனத்தைப் பிறர் அறிந்து பயனென்?