திரையில் குறுக்கிடும் அதிகாரம்

பள்ளிகளிலும் நூலகங்களிலும் வரிசையாக அமைந்திருக்கும் தின் கிளையண்ட் கணினிகளைக் காண்பவர், ஒவ்வொன்றும் தனித்தனி யந்திரம் என்றே எண்ணக்கூடும். உண்மையிலோ அவற்றுள் பலவற்றில் சொந்தமாக ஒரு வட்டுகூடக் கிடையாது, எழுதுவதும் கணக்கிடுவதும் வேறோர் அறையிலிருக்கும் சர்வரிலேயே நடைபெறுகின்றன. அந்தச் சர்வரை நிறுத்தினால், அத்தனை பேரும் சேமிக்காமல் எழுதிவைத்திருப்பவை ஒரே கணத்தில் அழிந்துபோகும். ஆகையால் நிறுத்துமுன் எல்லோருடைய திரையிலும் அறிவித்துவிட வேண்டியது நிர்வாகியின் கடமை. அந்தக் கடமையே பிறர் வேலையில் புகுந்து பேசும் அதிகாரமாகவும் ஆகிவிடுவதால், அதற்கு ஒரு வரம்பும் அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

முன்னோர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தபோது, பிறர் முனையத்துக்குச் செய்தி அனுப்பும் 'ரைட்' என்ற கட்டளையோடு, அப்படி வரும் செய்திகளை வேண்டாமென்று தடுத்துக்கொள்ளும் 'மெஸ்ஜ்' என்ற கட்டளையும் அதில் இடம்பெற்றிருந்தது. பேசுவோருக்குக் கொடுத்த சுதந்திரத்தோடு, கேட்க மறுப்போருக்கும் அன்றே சுதந்திரம் கொடுத்த அந்த விவேகம் என்னை வியக்க வைக்கிறது. அனுப்பியவர் பெயரையும் முனையத்தையும் கணினியே முன்னால் எழுதிவிடும் வழக்கமும் பின்னர் நிலைத்தது. எல்லோருக்கும் ஒருங்கே அறிவிக்கும் 'வால்' கட்டளை பிற்பாடு வந்தது. தடுத்தவர்களுடைய திரையிலும் அதைக் கொண்டு எழுதக் கூடியவர் தலைமை நிர்வாகி ஒருவரே.

பிற கணினிகளின் திரையில் செய்தி காட்டும் விண்டோஸின் மெஸஞ்சர் சேவையில் இந்த நிதானம் இல்லை. அலுவலக நிர்வாகிகளின் உபயோகத்துக்கென்று அமைந்த அந்த வாசல் இணையத்தின் பக்கமும் திறந்தே கிடந்தபடியால், 2002 வாக்கில் முகமறியாத வியாபாரிகள் அதன் வழியே வீட்டுக் கணினிகளில் விளம்பரங்களைக் குவித்தார்கள். முடிவில் 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கில் மைக்ரோசாப்ட் அதை மூடிவைத்தது.

இன்றைய தொல்லையோ வேறு விதம். 1999இல் ஜிம் மக்வில்லன் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் போன்ற அமைப்புகளில் மாணவர் காண்பது ஜன்னல்களும் படங்களும் நிறைந்த திரை. 'வால்' எழுதுவதோ எழுத்து முனையங்களில். நிர்வாகி கட்டளையைத் தட்டிவிட்டு அறிவித்தாயிற்று என்று திருப்தியடைய, ஒரு முனைய ஜன்னல்கூடத் திறந்திராத மாணவருடைய திரையில் யாதொன்றும் தோன்றுவதில்லை. ஒவ்வொருவருடைய திரை அமர்வுக்குள்ளும் புகுந்து அறிவிப்புப் பெட்டியைத் திறக்கும் ஏற்பாட்டைத் தனியே செய்தாலன்றி இது தீராது. நேரம் குறித்து நிறுத்தும் 'ஷட்டவுன்' கட்டளை, கடைசி ஐந்து நிமிஷத்தில் புதிதாக நுழைவோரை வாசலிலேயே தடுத்துவிடுகிறது. உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பவருக்குத்தான் சேதி எட்டுவதில்லை. ஆகவே இத்தகைய கூடங்களை அமைப்போர், மாணவர்களை உள்ளே விடுவதற்கு முன்னால், நிர்வாகியைக் கடைசி வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, சர்வரறையிலிருந்து வேறொருவர் அனுப்பும் எச்சரிக்கை அந்தத் திரைக்கு வந்து சேருகிறதா, வந்தது அங்கே அமரப்போகிறவர்களுக்குப் புரியும் பாஷையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.