சும்மாதான் போகிறோம்

மாதத்தில் இரண்டாவது புதன்கிழமை நானும் என் தோழியும் பெரம்பூரில் 29சி பஸ் ஏறுவோம். அவருக்கு 61 வயது, எனக்கு 58. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கோயிலுக்கா, விசேஷத்துக்கா, டாக்டரிடமா என்று எதிர்ப்படுகிறவர்கள் கேட்பார்கள். "சும்மாதான்" என்போம். அந்தப் பதில் யாருக்கும் போதுவதில்லை. பொம்பளை வெளியே கிளம்பினால் ஏதாவது காரியம் இருந்தாக வேண்டும். நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். ரேஷன் கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமியாரின் ஆஸ்பத்திரி என்று முப்பது வருஷம் ஓடியிருக்கிறேன். ஊரைப் பார்க்கவென்று ஒரு நாளும் படி இறங்கியதில்லை.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வாங்குவதில்லை. இதை 'ஓசி' என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் பஸ்ஸுக்கு இருபது ரூபாய் கேட்டால், கூடவே எங்கே, எதற்கு என்ற கேள்வியும் வரும். கேட்பவர் கெட்டவர் இல்லை, வீட்டுக் கணக்கு அப்படி. இப்போது காசு கேட்க வேண்டியதில்லை, கேள்வியும் நின்றுவிட்டது. அதற்காக எத்தனை நேரமானாலும் வெள்ளை போர்டு மாட்டிய சாதாரண பஸ் வரட்டும் என்று நிற்போம்.

லஸ்ஸில் இறங்கி நாகேஸ்வர ராவ் பூங்காவில் மர நிழலில் கொஞ்சம் உட்காருவோம். மாட வீதியில் அக்கா பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கிப் பார்த்து, எடை கேட்டு, வைத்துவிட்டு வருவார். வெயில் தணிந்ததும் பெசன்ட் நகர். 1930இல், கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட ஷ்மிட் என்பவரின் நினைவாக அங்கே வெள்ளை மண்டபம் நிற்கிறது. அதன் பக்கம் செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா தண்ணீரில் இறங்குவார். அலை இழுக்கும்போது காலடி மணல் கரையுமே, அதற்கு ஒவ்வொரு தடவையும் என் தோளைப் பிடித்துக்கொள்வார்.

அவர் வீட்டுக்காரர் கடைசி ராத்திரி என்ன பேசினார் என்பதை அங்கே நின்றுதான் அக்கா என்னிடம் சொன்னார். 22 வருஷமாகப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம். வீட்டில் பேச உட்கார்ந்தால் குக்கர் விசில் அடிக்கும், பேரன் எழுந்து அழுவான், பேச்சு பாதியில் நின்றுபோகும். அந்தப் பேச்சு முடிவதற்கு ஒரு கடற்கரை வேண்டியிருந்தது.

இதெல்லாம் இருந்தும், புறப்படும் நாளில் காலைக் காபிக்குப் பிறகு நாங்கள் இருவரும் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை, வழியில் கழிப்பறை கிடைக்காதே என்ற பயம். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். போன வருஷம் ஒரு பஸ் நிலையத்தில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். அக்கா முகம் வெளிறி நின்றார். எதிர் ஓட்டலில் வேண்டாத இரண்டு டீ வாங்கி, அதைச் சொல்லி அங்கே கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டோம். அடுத்த வாரம் எனக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல். ஐந்து நாள் மாத்திரை. தண்ணீர் குடிக்காததால் வந்தது என்று டாக்டரம்மா திட்டினார். பஸ்ஸில் போய் வேலை செய்யும் பெண்களில் எத்தனை பேர் தினமும் இதே பாடு படுகிறார்கள்!

பெண்களை இலவசமாக ஏற்றிக்கொண்டு போகிற ஊர், இறங்கும் இடத்தில் கழிப்பறையைப் பூட்டி வைக்கக் கூடாது. முதல் பஸ் புறப்படும் நேரத்திலிருந்து கடைசி பஸ் வந்து நிற்கும்வரை அது திறந்திருக்க வேண்டும். குழாயில் தண்ணீர், விழுகிற தாழ்ப்பாள், எரிகிற விளக்கு, கைப்பையை மாட்ட ஓர் ஆணி. சுத்தம் செய்கிற அம்மாவுக்கு மாதம் பிறந்தால் ஒழுங்கான சம்பளம். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம், சாவி யார் பொறுப்பு என்று எழுதிப் போட்டாலே பாதி தீரும்.

அடுத்த புதன்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள், நடராஜர் எல்லாம் அங்கே இருப்பதை விவரித்தேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு அக்கா, "உள்ளே பாத்ரூம் இருக்குமாம்மா?" என்றார்.